நிப்பாட்டுமோ?

ஒரு குடை வாங்குவதற்கு அவர் மூன்று சனிக்கிழமை டாண்டினோங் சந்தைக்குப் போனார். நானும் கூடப் போனேன். முதல் சனிக்கிழமை எல்லாக் குடைகளையும் விரித்துப் பார்த்துவிட்டு, "பாப்பம்" என்றார். இரண்டாவது சனிக்கிழமை பலத்த காற்று. அதே கடைக்குப் போய் அதே குடைகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து, காற்றுக்கு முகம் காட்டிப் பிடித்தார். மூன்றாவது சனிக்கிழமை கடைக்காரி எங்களைக் கண்டதும் பேசாமல் ஒரு கறுப்புக் குடையை எடுத்து நீட்டினாள். அவர் அதை விரித்தார், மடக்கினார். மறுபடி விரித்து மறுபடி மடக்கினார். மடக்கும்போது மட்டும் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார்.

"விரியிறது எல்லாக் குடையும் விரியும், தம்பி. காத்துக்குள்ள மடங்குமோ எண்டதுதான் கதை."

வாங்கிவிட்டார். அது நல்ல குடை.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் அந்தப் பெயரில் அவரை ஒருவருக்கும் தெரியாது. எங்கள் ஆட்கள் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ஊரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். அவர் நெடுந்தீவார். நான் மட்டும் "அண்ணை" என்பேன். மெல்பேர்னில் நாங்கள் இருந்த நோபல் பார்க்கில் அப்போது தமிழ் வீடுகள் ஐந்து. எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, அவருக்கு ஐம்பது இருக்கும். இப்போது நான் அவருடைய அந்த வயதை நெருங்கிவிட்டேன். அதனால்தானோ என்னவோ, அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றுகிறது.

கப்பலில் வேலை செய்து மெல்பேர்னில் இறங்கிவிட்டவர் அவர். டாண்டினோங்கில் பழங்களைத் தகரத்தில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள் இருக்கும் நெடுந்தீவில் காட்டுக்குதிரைகள் திரிகின்றன என்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அவரிடம் யாராவது ஊரைப் பற்றி விசாரித்தால், "தண்ணி உப்பு" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார். ஆனால் குதிரை என்றால் அவருடைய முகம் வேறாகிவிடும். வேலைக்குப் போகுமுன் காலையில் ஸ்பிரிங்வேலில் ஓட்டக் குதிரைகள் நிற்கும் ஒரு லாயத்துக்குப் போய்ச் சும்மா சாணம் அள்ளிக்கொடுத்துவிட்டு வருவார். சம்பளம் கேட்கவில்லை. குதிரைகளுக்குப் பக்கத்தில் நின்றால் காணும், வேறொன்றும் வேண்டாம் என்பார்.

அந்த லாயத்தில் செந்நிறப் பெண்குதிரை ஒன்று ஓட்டத்தில் சரிவரவில்லை. அதை இறைச்சிக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவர் தானே அதை வாங்கிக்கொண்டார். வாழ்நாளில் அவர் "பாப்பம்" என்று சொல்லாமல் வாங்கிய ஒரே ஒன்று அதுதான் என்று அவருடைய மனைவி சொல்லுவா. நான் அவவை அக்கா என்பேன். அக்கா இன்னொன்றும் சொல்லுவா: "என்னையும் ரெண்டு தரம் பாக்க வந்தவர், தம்பி. ரெண்டாந்தரம் வந்து நான் நடக்கிறதைப் பாத்தவர்."

குதிரைக்கு ராசாத்தி என்று பெயர் வைத்தார். கேரம் டவுன்ஸில் ஒரு மேய்ச்சல் நிலத்தை வாடகைக்கு எடுத்து அங்கே விட்டார். இப்போது அந்தப் பக்கத்தில் சிவனும் விஷ்ணுவும் சேர்ந்திருக்கும் பெரிய கோயில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அப்போது அங்கே புல்லும் முள்ளுக்கம்பி வேலியும்தான். குளிர்காலத்தில் நிலம் சேறாகிவிடும். பழைய சதுப்பு நிலம்.

முதல் குளிர்காலத்திலேயே ராசாத்தியின் குளம்புகள் அழுகத் தொடங்கின. மிருக வைத்தியர் வந்து நான்கு கால்களையும் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு குளிர்காலம் இந்தச் சேற்றில் நின்றால் இவள் நிற்கவே மாட்டாள், பிறகு சுடுவதைத் தவிர வழியில்லை என்று சொன்னார். மலைப்பக்கம் பெல்கிரேவுக்கு அப்பால் ஒருவர் தன்னுடைய மேட்டு நிலத்தில் அவளை விட இடம் தந்தார். மழைக்கு முன்னால் அவளை அங்கே கொண்டுபோகவேண்டும். மழை விட்டபின் திரும்பக் கொண்டுவரவேண்டும். வருடாவருடம்.

லொறி ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஏற்றிப் பார்த்தார்கள். அவள் பின்னங்காலில் எழும்பி நெற்றியை உடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் ஒரு பழைய ஃப்ளோட் வாங்கினார். குதிரையை ஏற்றிக் காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் பெட்டியை இங்கே அப்படித்தான் சொல்லுவார்கள். மரப்பலகையில் செய்தது, ஒரு தொன் பாரம் இருக்கும். அதற்கென்று சொந்தமாக ஒரு கம்பி பிரேக்கும் இருந்தது. அவர் அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார், ஆனால் நம்பவில்லை. கோடை முழுவதும் அதை மேய்ச்சல் நிலத்தின் நடுவில் நிறுத்தி, உள்ளே புல் போட்டு வைத்தார். ராசாத்தி முதலில் தலையை மட்டும் விட்டாள். பிறகு முன்னங்கால்கள். மாசி மாதமளவில் அவர் கூப்பிடாமலே உள்ளே போய் நின்று, எங்களைத் திரும்பிப் பார்ப்பாள், தன்னுடைய வீட்டு வாசலில் நிற்பவள் மாதிரி.

இனி அதை இழுக்க ஒரு வாகனம் வேண்டும். அவரிடம் அதுவரை கார் இல்லை. முதல் முதலாக வாங்கப்போகும் வாகனம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. நான் ஜி.சி.ஈ.யோடு படிப்பை நிறுத்தினவன். என் தமக்கை தாதியாக வந்து, பிறகு என்னைக் கூப்பிட்டவ. எனக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்கமாட்டேன். வந்து சேர்ந்ததும் கார் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. நான் செய்த வேலை, இடப்பக்கப் பின்கதவைச் சுற்றி ரப்பர் பூட்டுவது. காலையிலிருந்து மாலைவரை இடப்பக்கப் பின்கதவு. அவ்வளவுதான்.

நெடுந்தீவாருக்கு என்னை அறிமுகம் செய்தவர் மாஸ்டர். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், இங்கே ரயில் நிலையத்தில் டிக்கெட் வெட்டினார். ஐந்து வீடுகளிலும் எந்த நல்ல காரியமானாலும் நாள் பார்ப்பதும் தேங்காய் உடைப்பதும் அவர்தான். நல்ல மனிதர், சத்தமாகச் சிரிப்பார்.

"நெடுந்தீவார், இந்தா உமக்கு ஏத்த ஆள். கார் செய்யிற பொடியன். இஞ்சினுக்க என்ன கிடக்கு எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான்."

நான் சிரித்தேன். இல்லை மாஸ்டர், நான் கதவு ரப்பர்தான் பூட்டுகிறேன் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். தேத்தண்ணி வந்தது. பிறகு பேச்சு வேறெங்கோ போய்விட்டது. பத்து நிமிடம் கழித்துச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பத்து நாள் கழித்துச் சொல்லவே முடியாமல் போனது.

அப்படித்தான் நான் அவரோடு ஒவ்வொரு சனிக்கிழமையும் பழைய கார் விற்கும் இடங்களுக்குப் போகத் தொடங்கினேன். விற்பனையாளர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள், எத்தனை சிலிண்டர், என்ன பலம், எவ்வளவு இழுக்கும். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்பார். காரை மூன்று முறை சுற்றி வருவார். தரையில் காற்சட்டை அழுக்காகப் படுத்து அடியைப் பார்ப்பார். எழும்பித் தட்டிவிட்டுக் கேட்பார்.

"ஸ்டொப்?"

"என்ன?"

"ஸ்டொப். குதிரை பின்னால. இறக்கம். ஸ்டொப்?"

சிவப்புக் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன், "எட்டுச் சிலிண்டர், மேட். வீட்டையே இழுக்கும்" என்றான்.

"வீடு வேண்டாம். வீடு நிண்ட இடத்தில நிக்கும்" என்று தமிழில் என்னிடம் சொன்னார். "இழுக்க மாடும் இழுக்கும், தம்பி. நிப்பாட்டுமோ எண்டு கேட்டால் ஒருத்தனும் வாய் திறக்கிறானில்லை."

பிறகு என்னைப் பார்ப்பார். நான் முன்மூடியைத் திறந்து உள்ளே குனிந்து கொஞ்ச நேரம் நிற்பேன். எனக்கு அதற்குள் ஒன்றும் விளங்காது. நிமிர்ந்து, "பாப்பம், அண்ணை" என்பேன். அந்தச் சொல்லை அவரிடமே கடன் வாங்கினேன். அவருக்கு அது பிடித்திருந்தது. அவசரப்படாத பொடியன் என்று வீட்டில் அக்காவிடம் சொன்னாராம்.

ஒரு சனிக்கிழமை அந்தச் சிவப்புக் கழுத்துப்பட்டிக்காரனிடம் பெரிய வெள்ளை ஸ்டேஷன் வாகன் ஒன்று வந்திருந்தது. அகலமானது, பாரமானது. அவர் அதன் அடியில் நெடுநேரம் படுத்திருந்தார். எழும்பி வந்தவர், "ஆக்களைக் கூப்பிடும்" என்றார். நான் தொலைபேசியில் மாஸ்டரைக் கூப்பிட்டேன். மாஸ்டர் தன்னுடைய மைத்துனர் இருவரோடும் வந்தார். அக்காவையும் வழியில் ஏற்றி வந்தார்.

"எல்லாரும் ஏறுங்கோ" என்றார் நெடுந்தீவார். "ஆறு பேர். எங்கட ராசாத்தியின்ர நிறை கிட்டத்தட்ட வரும்."

"ஐசே, எங்களைக் குதிரை எண்டுறீரோ?" என்றார் மாஸ்டர்.

"குதிரையெண்டால் இவ்வளவு கதைக்காது. ஏறும்."

விற்பனையாளனும் முன்னால் ஏறினான். நெடுந்தீவார் ஊருக்கு வெளியே ஒரு சரிவின் உச்சிக்குப் போய், அங்கிருந்து இறக்கத்தில் விட்டார். கார் வேகமெடுத்தது. மைத்துனர்கள் முருகா முருகா என்றார்கள். நடு இறக்கத்தில் அவர் பிரேக்கை மிதித்தார். மாஸ்டரின் கண்ணாடி பறந்தது, அக்காவின் கொண்டை அவிழ்ந்தது, விற்பனையாளன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். கார் நின்றது. கோணாமல், வழுக்காமல் நின்றது.

அக்கா கொண்டையை முடிந்துகொண்டே, "இப்பவாவது ஓம் எண்டு சொல்லுங்கோவன்" என்றா.

அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி யோசித்தார். "கிட்டத்தட்டச் சரி. முன்பக்கம் கொஞ்சம் குனியுது. பாப்பம்."

அடுத்த சனிக்கிழமை நாங்கள் போனபோது அந்த வாகனம் விற்கப்பட்டிருந்தது. அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவர் அந்தக் கறையைச் சுற்றியும் ஒருமுறை நடந்தார். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். இன்றைக்கு நினைக்கும்போது சிரிப்பு வருவதில்லை.

சித்திரை பிறந்தது. மெல்பேர்னில் அது இலையுதிர்காலம். முதல் மழை பெய்தது. கேரம் டவுன்ஸில் குதிரையின் குளம்படியில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்ததும் அவர் பேருந்தில் போய், மிச்சத்துக்கு நடந்து, அவளுடைய கால்களைத் துணியால் துடைத்துவிட்டு வந்தார். துடைத்து என்ன, விடியும்வரை அவள் அதே சேற்றில்தான் நின்றாள்.

மாஸ்டர் வீட்டில் ஒருநாள் எல்லோரும் கூடியிருந்தபோது மாஸ்டர் சொன்னார்: "நெடுந்தீவார் பாத்துப் பாத்து வாங்கிறதுக்குள்ள குதிரைக்கு வயசு போயிடும். பிறகு குதிரையை முன்னால கட்டி ஃப்ளோட்டை இழுக்க விடுவம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மாஸ்டருக்கு அது மனதில் தைத்திருக்கவேண்டும். அவர் அப்போது புதுக்கார் வாங்க இருந்தார். உடனே சொன்னார்: "ஐசே, பகிடி விட்டிட்டன், மனசில வையாதையும். என்ர பச்சைக் கார் கிடக்குது. அதை நீர் எடும். வேறை ஆருக்கும் குடுக்கமாட்டன். கொழுக்கியும் நானே பூட்டுவிச்சுத் தாறன். வாற ஞாயிறு நல்ல நாள்."

அந்தப் பச்சைக் கார் எனக்குத் தெரியும். நாலு சிலிண்டர், சின்னது, பாரமே இல்லாதது. சேற்றில் புதைந்தபோது நாங்கள் நாலு பேர் அதை அப்படியே தூக்கி வைத்திருக்கிறோம்.

நெடுந்தீவார் "பாப்பம்" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அந்த விற்பனையாளர்களுக்கெல்லாம் அவருடைய "பாப்பம்" என்றால் என்னவென்று தெரியாது. மாஸ்டருக்குத் தெரியும். மனமுவந்து தருகிற ஒருவரிடம், அவருடைய வீட்டில், அவருடைய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நெடுந்தீவார் தன் கோப்பைக்குள் பார்த்தார். "சரி, மாஸ்டர்" என்றார்.

அந்தக் கிழமை தொழிற்சாலையில், என் பக்கத்தில் நின்று வேலை செய்யும் கிரேக்கரிடம் சாப்பாட்டு நேரத்தில் இதைக் கேட்டேன். அவர் ஊரில் பார வண்டி ஓட்டியவர். எனக்கும் அவருக்கும் ஆங்கிலம் ஒரே அளவு. அவர் ஒரு தீப்பெட்டியை எடுத்தார். தன்னுடைய இரும்புச் சாப்பாட்டுப் பெட்டியின் முன்னால் வைத்து, இடையில் ஒரு சின்னக் குச்சியைக் கொடுத்து இரண்டையும் ரப்பர் நாடாவால் இணைத்தார். மேசையின் ஒரு முனையைத் தூக்கிச் சரித்தார். இரண்டும் சறுக்கின. தீப்பெட்டியை விரலால் பிடித்து நிறுத்தினார். சாப்பாட்டுப் பெட்டி நிற்கவில்லை. தீப்பெட்டியைத் திருப்பி நசுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது. அவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

ஆகவே எனக்குத் தெரியும். முதல் முறையாக ஒரு காரைப் பற்றி எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டர் வீட்டு முன்வாசலில் பச்சைக் கார் கழுவித் துடைத்து நின்றது. சந்தனம், குங்குமம், முன்னால் கனகாம்பரம் கிடைக்காததால் ரோசாமாலை. பின்வளவு மரத்திலிருந்து பறித்த நாலு எலுமிச்சம்பழம். இங்கத்தைய எலுமிச்சை பெரிது, தோல் தடிப்பு. ஐந்து வீட்டு ஆட்களும் நின்றார்கள். மாஸ்டர் வேட்டி கட்டி, கற்பூரம் கொளுத்தி, தேங்காயைக் கையில் எடுத்தார்.

எங்கள் ஆட்களுக்கு நல்ல காரியம் நடக்கும் இடத்தில் வாயில் வரக்கூடாத சொற்கள் உண்டு. விளக்கை அணை என்று சொல்லமாட்டோம், நூர் என்போம். புறப்படுகிறவர் போறன் என்று சொல்லமாட்டார், போட்டு வாறன் என்பார். புதுசாக ஒன்று தொடங்கும்போது இல்லை, வேண்டாம், ஏலாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னவன்மேல்தான் பிறகு எல்லாம் விழும். சின்ன வயதிலிருந்தே அது எலும்பில் ஊறியது.

நெடுந்தீவார் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஒரே ஒருமுறை. பின்னால் புதிதாகப் பூட்டிய கொழுக்கியின் பக்கத்தில் நின்றார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அவர் எல்லோரையும் தாண்டி என்னைப் பார்த்தார்.

"தம்பி. நிப்பாட்டுமோ?"

மாஸ்டரும் என்னைப் பார்த்தார். அக்கா பார்த்தா. எல்லோரும் பார்த்தார்கள். தீப்பெட்டி கண்ணுக்கு முன்னால் வந்தது.

"ஓம், அண்ணை" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு ஓட்டுபவர் இருக்கையில் ஏறினார். தேங்காய் உடைந்தது. கார் முன்னே நகர்ந்தபோது மூன்று பழங்கள் நசுங்கின. நாலாவது நசுங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. யாரோ சிரித்தபடி அதைப் பிடித்து மறுபடி சில்லின் கீழே வைத்தார்கள்.

ராசாத்தியைக் கொண்டுபோனது அதற்கு அடுத்த ஞாயிறு. "நீரும் வாரும்" என்றார். மறுக்க முடியவில்லை. அவள் வழக்கம்போல் தானாக உள்ளே ஏறித் திரும்பிப் பார்த்தாள். அவர் பின்கதவை மூடிக் கொக்கியைப் போட்டு, கொக்கியை மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

கார் இழுத்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். வழியில் ரோவில் என்ற இடத்தில் அப்போது வீடுகள் குறைவு, இரண்டு பக்கமும் மாடுகள் மேய்ந்தன. சமநிலத்தில் ஒரு தொல்லையும் இல்லை. மலையில் ஏறும்போது இயந்திரம் அழுதது, ஆனாலும் ஏறியது. நான் மெல்ல மெல்ல மூச்சுவிடத் தொடங்கினேன். நான் சொன்னது பொய்யாகாமலே போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அந்த நிலத்துக்குத் திரும்பும் வழி ஓர் இறக்கம். நீளமானதுமில்லை. பனி ஈரத்தில் இலைகள் கிடந்தன.

அவர் மேலிருந்தே பிரேக்கை மெதுவாக மிதித்தார். கார் குறைந்தது. பின்னால் இருந்தது குறையவில்லை. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. அவர் இன்னும் மிதித்தார். கண்ணாடியில் ஃப்ளோட் ஒரு பக்கமாக வந்தது, பிறகு மறுபக்கமாக. அதன்பின் மரங்கள் சுழன்றன.

கார் நின்றபோது நாங்கள் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்குக் கையில் சின்னக் கீறல். அவருக்கு நெற்றியில் இரத்தம். ஃப்ளோட் பள்ளத்தில் பக்கவாட்டில் கிடந்தது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு உள்ளே பலகையில் உதைக்கும் சத்தம் கேட்டது.

நிலத்துக்காரர் துப்பாக்கியோடு ஓடி வந்தார். ராசாத்தியின் முன்னங்கால் இரண்டும் முறிந்திருந்தன. அவர் நெடுந்தீவாரைப் பார்த்தார். நெடுந்தீவார் பலகைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய், அவளுடைய தலையை மடியில் எடுத்து வைத்தார். இனி ஏதாவது செய்யலாமோ என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கேட்கிற மனிதர். ஒன்றும் கேட்கவில்லை. தன் உள்ளங்கையால் அவளுடைய கண்ணை மூடினார்.

"போட்டு வா, ராசாத்தி" என்றார். நிலத்துக்காரருக்குத் தலையசைத்தார்.

அதற்குப் பிறகு அவர் என்னை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. மாஸ்டரையும் சொன்னதில்லை. மாஸ்டர் அதற்குப் பிறகு யாருடைய காருக்கும் தேங்காய் உடைக்கப் போகவில்லை. கேட்டால் வீட்டில் தீட்டு, துடக்கு என்பார், காய்ச்சல் என்பார்.

நெடுந்தீவார் சந்தைக்குப் போனார், வந்தார். ஆனால் கேட்பதை விட்டுவிட்டார். கடைக்காரன் நீட்டியதை வாங்கினார். ஒருநாள் நான் போயிருந்தபோது அக்கா குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. பாதியில் புழு. கத்தியை வைத்துவிட்டு மெல்லிய குரலில் சொன்னா:

"முந்தி ஒரு கத்தரிக்காய்க்கு நாலு கடை ஏறுவார், எனக்கு விசர் வரும். இப்ப ஒண்டும் கேக்கிறாரில்லை, தம்பி. கறிக்கு உப்புக் காணாது எண்டு கூடச் சொல்லுறாரில்லை. முந்தநாள் நான் வேணுமெண்டு உப்புப் போடாமல் வச்சனான். சாப்பிட்டிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போறார்."

அந்தக் கறுப்புக் குடை எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. அடுத்த குளிர்காலத்தில் வேறொரு குடையோடு போனார். அதில் இரண்டு கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முதல் கடையிலேயே எடுத்தாராம்.

இரண்டு வருடம் போய், அவர்கள் சிட்னிக்குப் போக முடிவு செய்தார்கள். அக்காவின் தங்கை அங்கே இருந்தா. ஸ்பென்சர் தெரு நிலையத்தில் காலை ரயில். ஐந்து வீட்டு ஆட்களும் வழியனுப்ப வந்திருந்தார்கள். மாஸ்டர் ரயில்வே உடுப்போடு வந்து, பெட்டிகளைத் தானே தூக்கி வைத்தார். அக்கா எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தா. நெடுந்தீவார் மேடையில் தனியாக நின்றார். ரயிலைச் சுற்றிப் பார்க்கவில்லை, குனிந்து சில்லைப் பார்க்கவில்லை.

அப்போதும் சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"அண்ணை."

"ஓம், தம்பி."

"அண்டைக்கு நான் ஓம் எண்டது பொய். எனக்குக் காரைப் பற்றி ஒண்டும் தெரியாது. நான் அங்க கதவுக்கு ரப்பர்தான் பூட்டுறனான்."

"தெரியும்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"ஆறு பேரையும் ஏத்திக்கொண்டு இறக்கத்தில ஓடினமல்லோ. எல்லாரும் றோட்டைப் பாத்துக்கொண்டு கத்தினவை. கண்ணாடியில பாத்தன், நீர் மட்டும் பின்கதவு ரப்பரைத் தடவித் தடவிப் பாத்துக்கொண்டு இருந்தனீர். அண்டைக்கே தெரியும்."

"பிறகு ஏன் அண்ணை என்னட்டைக் கேட்டனீங்கள்?"

மேடையின் மறுமுனையில் மாஸ்டர் அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெடுந்தீவார் அவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அது நிக்காது எண்டு எனக்கும் தெரியும். மாஸ்டரின்ர முகத்தைப் பாத்து என்ர வாயால சொல்ல ஏலாமல் கிடந்தது. நீர் கார் செய்யிற பொடியன் எண்டு எல்லாரும் நம்பினவை. நீர் சொன்னால் மாஸ்டர் கோவிச்சிருக்கமாட்டார். உம்மட வாயால ஒரு 'இல்லை' வரட்டும் எண்டுதான் கேட்டனான்."

விசில் ஊதினார்கள். அக்கா கூப்பிட்டா. அவர் என் தோளில் கை வைத்தார், எடுத்தார்.

"போட்டு வாறம், தம்பி" என்று சொல்லிவிட்டு, கிட்ட இருந்த கதவால் ஏறிக்கொண்டார்.

ரயில் நகர்ந்தது. எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக் கை காட்டினார்கள். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.